கதிர்ச் சிகிச்சைக் காலத்து வாய்ப்புண்ணும் தொண்டை நோவும்

(குழித்துறையில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் செவிக்கு இனியதன்று. கல்வி, சிக்கனம், கலியாணச் செலவு முதலியன பற்றி இம்மேடையில் பலரும் பலமுறை பேசியுள்ளனர். புற்றுநோய் என்னும் சொல்லையோ நம்மவர் வாய்விட்டுக் கூறவும் கூசுகின்றனர். ஒரு வீட்டில் அந்நோய் கண்டால் அயலார் அறியாவண்ணம் மறைக்கின்றனர். அறிந்த அயலாரும் அறியாதார்போல் ஒதுங்குகின்றனர். மறைப்பதனால் எந்நோயும் குறைந்ததில்லை. இவ்வவையில் இருப்போருள் சிலருடைய வீட்டில் இன்றைக்கும் ஒருவர் கஞ்சியை விழுங்க மாட்டாது கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கலாம். அவர்க்கும் அவரைப் பேணுவார்க்கும் பயன்படுமாறு, கதிர்ச் சிகிச்சைக் காலத்தில் வாயிலும் தொண்டையிலும் தோன்றும் நோவைத் தணிக்கும் முறைகளைக் கூறுவதே நமது நோக்கம்.

நாம் வைத்தியரல்லேம், தமிழ் கற்பிக்கும் ஆசிரியரே. ஆயினும் வைத்திய நூலார் ஆராய்ந்து துணிந்தவற்றை எல்லார்க்கும் விளங்கும் தமிழில் எடுத்துரைத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அயலானதன்று. இங்குக் கூறுவன யாவும் நோயாளியைப் பார்க்கும் வைத்தியரது சொல்லுக்குத் துணையாவனவே, அச்சொல்லுக்கு மாற்றாகா. இதனை முதற்கண் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

வாய்ப்புற்று நம் நாட்டிற்குப் புதியதன்று. நம் குழித்துறைக்கு அணித்தாயுள்ள நெய்யூரில் 1838-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மிஷன் ஆஸ்பத்திரியின் வைத்தியர்கள், இந்நாட்டில் இந்நோய் பெருகியிருப்பதை உலகுக்கு முதன்முதல் எடுத்துரைத்தாருள் வைத்து எண்ணத்தக்கவர்கள். இப்பகுதி திருவிதாங்கூரின்கண் இருந்த காலத்தில், 1908-ஆம் ஆண்டிலேயே, அவ்வாஸ்பத்திரியைச் சார்ந்த டாக்டர் பெண்டால் என்பார் 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். 1933-ஆம் ஆண்டு டாக்டர் ஆர் என்பார், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோர்க்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி மற்றொரு கட்டுரை வரைந்தார். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை விளைப்பது என்று உலக ஆராய்ச்சிக் கழகத்தார் 1985-இல் முடிவு கட்டினர். 2003-இல் கூடி ஆராய்ந்தபோது, புகையிலை சேராத தாம்பூலமும், தனிப்பாக்குமே கூட அத்தன்மையன என்று துணிந்தனர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் உதட்டிலும் வாயிலும் புற்று புதிதாகக் கண்டவர் 1,40,000-க்கு மேற்பட்டவர் என்று மதிப்பிட்டுள்ளனர். ஆகவே இஃது எங்கோ யாருக்கோ வரும் நோயன்று. நம் வெற்றிலைச் செல்லத்தின் அருகே அமர்ந்திருக்கும் நோய்.

இந்நோய்க்கு அறுவை, மருந்து, கதிர் என மூவகைச் சிகிச்சைகள் உள. 1895-இல் ரான்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிரும், 1898-இல் கியூரி தம்பதிகள் கண்ட ரேடியமும் கதிர்ச் சிகிச்சைக்கு வித்தாயின. இக்காலத்தில் வாய், தொண்டை, குரல்வளை ஆகியவற்றின் புற்றுக்குப் பெரும்பாலும் வாரத்திற்கு 5 நாளாக 6 அல்லது 7 வாரம் கதிர் செலுத்துகின்றனர். ஏறத்தாழ 30 முதல் 35 முறை நோயாளி மேசைமேற் படுக்க வேண்டும். தலை அசையாதிருக்க முகத்தின் அளவுக்கு வார்த்த கூடு ஒன்றை அணிவிப்பர். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். கதிர் பாயும்போது சூடும் இல்லை, வலியும் இல்லை. ஆதலால் முதல் வாரத்தில் நோயாளி, “இவ்வளவுதானா? இதற்கோ அஞ்சினோம்!” என்று மகிழ்ந்து வீடு திரும்புவார்.

இரண்டாம் வாரத்தின் இறுதியிலோ மூன்றாம் வாரத்திலோ நிலைமை மாறுகின்றது. முதலில் வாய் வறளும். உப்பும் காரமும் எரியும். உணவின் சுவை மாறும். பின்னர் உட்கன்னமும் நாக்கின் ஓரமும் அண்ணமும் சிவந்து புண்ணாகும். எச்சிலை விழுங்குவதும் முள்ளை விழுங்குவது போலாகும். இஃது ஏன் நிகழ்கின்றது என்று அறிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கும்.

வாயின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய தோல் எந்நாளும் தேய்ந்து, எந்நாளும் புதிதாக முளைத்துக்கொண்டிருப்பது. மேற்பரப்பில் உள்ள அணுக்கள் உதிர உதிர, அடியிலுள்ளவை பெருகி அவ்விடத்தை நிரப்பும். ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் அத்தோல் முழுதும் புதிதாகிவிடும். வயலில் நாற்றங்காலை எண்ணிப் பாருங்கள். நாற்றங்கால் கெட்டாலும் நட்ட பயிர் அன்றைக்கே சாய்வதில்லை. அடுத்த நடவுக்கு நாற்றில்லாதபோதுதான் வயல் வெறுமையாகும். கதிரானது விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்கும் இயல்பினது. புற்றின் அணுக்களும் விரைந்து பெருகுவன. வாய்த்தோலின் அடியணுக்களும் அத்தகையன. ஆதலால் மேல் தோல் வழக்கம்போல் உதிர, கீழிருந்து புதிது முளையாமையால், இரண்டு வாரத்திற்குப் பின் புண் வெளிப்படுகின்றது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கதிர்பட்டுச் சோர்வதால், வாயைக் கழுவிக் காக்கும் இயற்கை நீரும் குறைகின்றது. இப்புண் நோய் முற்றியதன் அறிகுறி அன்று; சிகிச்சை தவறியதன் அறிகுறியும் அன்று. கதிர் தன் வேலையைச் செய்யுங்கால் அண்டை வீட்டுக்கும் நேரும் சேதமேயாம்.

தொண்டையின் உட்தோல் உரிந்தால் எத்துணைத் துன்பம் என்பதைத் தம் உடம்பிலேயே கண்ட வைத்தியர் ஒருவர் நெய்யூரில் பல்லாண்டு தொண்டு புரிந்தார். அவரே டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல். 1922-இல் எவரெஸ்ட் மலையேறச் சென்ற குழுவில் ஒருவராயிருந்தவர், அப்பயணம் முடிந்தபின் நெய்யூருக்கு வந்தார். நோயாளர் திரளையும் வைத்தியர் குறைவையும் கண்டு மனமிரங்கி, தம் நாட்டில் பெறத்தக்க பதவிகளை விடுத்து இங்கேயே பணிபுரியத் துணிந்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றபோது, ஜூன் 4-ஆம் நாள், நார்ட்டன் என்னும் துணைவருடன் ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை ஏறினார். கடுங்குளிரிலும் வறண்ட காற்றிலும் அவரது தொண்டையின் உட்தோல் கெட்டது. இறங்கி வரும் வழியில் அத்தோலின் ஒரு பகுதி உரிந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. மூச்சும் இல்லை, குரலும் இல்லை. முன்னே சென்ற நார்ட்டனோ, இவர் படம் வரையப் பின்தங்கினார் என்று எண்ணிக்கொண்டு நடந்தார். சாமர்வெல் பனியில் அமர்ந்து, இறுதி வந்தது என்று எண்ணி, கடைசி முயற்சியாகத் தம் மார்பை இரு கைகளாலும் அழுத்த, அடைப்பு வெளிப்பட்டு உயிர் பிழைத்தார்.

இவ்வரலாற்றை நாம் வியப்புக்காகக் கூறவில்லை. துணைவர் நல்லவர், அன்புடையவர், சில அடி தூரத்திலேயே இருந்தவர். ஆயினும் பின்னால் வருபவர் படும் பாட்டை அவர் அறியவில்லை. அறிவிக்கும் குரல் இவரிடம் இல்லை. நம் வீடுகளில் நடப்பதும் இதுவே. நோயாளிக்குப் பேச வலிக்கின்றது, ஆதலால் பேசுவதில்லை. பேசாமையால் வீட்டார், “இன்று அமைதியாக இருக்கிறார், நலம்போலும்” என்று எண்ணிக்கொள்கின்றனர். இன்றைய பேச்சில் நாம் வற்புறுத்தும் கருத்து ஒன்றே: இந்நோவை மறைக்கலாகாது. தோன்றிய அன்றே சொல்லல் வேண்டும். சொன்ன அன்றே தணிக்க முயலல் வேண்டும்.

ஏனெனின், இஃது ஆறுதலைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. உயிரைப் பற்றிய செய்தி. நோவு தாங்காமல் நோயாளி சிகிச்சையை நடுவில் விடுவாராயின், அல்லது உண்ணாமல் மெலிந்து சில நாள் நிறுத்த நேருமாயின், அவ்விடைவெளியில் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். குறித்த காலத்திற்குமேல் சிகிச்சை ஒரு நாள் நீளுந்தோறும், நோய் அடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்குச் சற்று மேற்பட்டுக் குறைவதாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். ஒரு வாரம் விட்டால் இழப்பு எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே வாயைப் பேணுதல் கதிர்ச் சிகிச்சைக்குப் புறம்பானதன்று. அச்சிகிச்சையின் ஓர் உறுப்பேயாம்.

பொறுத்தல் பெருமையன்றோ என்று சிலர் வினவலாம். பொறையுடைமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார் என்பது உண்மை. அவ்வதிகாரம் பிறர் நமக்குச் செய்யும் பிழையைப் பொறுத்தலைக் கூறுவது. உடம்பின் நோயை வைத்தியரிடம் ஒளித்தலைக் கூறுவதன்று. மருந்து என்னும் அதிகாரத்திலோ அவர், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என நான்கு கூறும் பொருந்தினாலன்றி மருத்துவம் நிரம்பாது என்று காட்டியுள்ளார். அந்நான்கையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கடமையையும் கூறுவோம்.

முதலாவது, நோயுற்றவர் செய்யத்தக்கன. சிகிச்சை தொடங்குமுன் பல் வைத்தியரைக் காண வேண்டும். கெட்டு எடுக்கத்தக்க பற்களை முன்னரே எடுத்துப் புண் ஆறவிட்டுத்தான் கதிர் தொடங்குவர். ஏறத்தாழ இரண்டு வாரமேனும் வேண்டும். கதிர் பட்ட தாடையெலும்பில் பின்னாளிற் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது எலும்பே கெடுதலும் உண்டு. ஆதலால் சிகிச்சை முடிந்து பல்லாண்டு சென்ற பின்னரும், பல் எடுக்க நேர்ந்தால் கதிர் வாங்கிய செய்தியைப் பல் வைத்தியரிடம் கூறாதிருத்தல் கூடாது.

அடுத்து, வாயைக் கொப்பளித்தல். காய்ச்சி ஆறிய நீர் 1 லிட்டரில் உப்பு ஒரு தேக்கரண்டி, ஆப்பச் சோடா ஒரு தேக்கரண்டி கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். துணி வெளுக்கும் சோடாவை இதற்குத் தொடவுங்கூடாது. அந்நீரால் விழித்திருக்கும்போதெல்லாம் 2 அல்லது 3 மணிக்கு ஒருமுறையும், உண்ட பின்னும், உறங்குமுன்னும் மெல்லக் கொப்பளித்து உமிழவேண்டும், விழுங்கலாகாது. நாள்தோறும் புதிதாகக் கரைத்தல் நலம். இது புண்ணை ஆற்றும் மாமருந்தன்று. ஆயினும் கோழையையும் உணவுத் துணுக்கையும் நீக்கி, வாயை ஈரமாக்கி, புண்ணின்மேற் புண் வாராமற் காக்கும். செலவு மிகச் சிறிது, பயனோ பெரிது.

பல்லை மிக மென்மையான பிரஷினால் நாளைக்கு இருமுறை துலக்குக. உமிக்கரி, வேப்பங்குச்சி, காரமான பற்பொடி ஆகியன இக்காலத்திற்கு ஆகா. சாராயம் கலந்த வாய்நீர் மருந்துகள் கடையில் மணமாக விற்கப்படும். அவை புண்ணை எரித்து வாயை வறட்டும். செயற்கைப் பல் அணிவோர் புண் கண்டவுடன் அதனை உண்ணும் நேரம் தவிர எடுத்து வைப்பாராக. அழுத்தினால் அறவே நீக்குவாராக. வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சாராயம் ஆகியவற்றை அன்றே விடுதல் வேண்டும். சிகிச்சைக்காலத்திற் புகைப்பவர்க்குப் புண்ணும் மிகும். கதிரின் பயனும் குறையும். புண்ணின்மேல் சுண்ணாம்பு, கிராம்புத் தைலம் முதலியன தடவுவாரும் உளர். வெந்த தோலைப் பின்னும் வேகச் செய்வதே அதன் பயன்.

இரண்டாவது, தீர்ப்பவர். வைத்தியர் எல்லாம் அறிவார். நாம் சொல்லாமலே உணர்வார் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் கூடத்தில் ஒவ்வொருவர்க்கும் கிடைப்பது சில நிமிடமே. அச்சில நிமிடத்தில் “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டால், ஒன்றுமில்லை என்றே எழுதுவார். நம்மோடு ஒரு பள்ளியிற் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அவ்வாறே நான்கு வாரம் கூறி வந்தார். பிறர்க்குத் தொல்லை தரலாகாது என்பது அவர் இயல்பு. அவர் மனைவியார் அதிகம் படித்தவரல்லர்; ஆயினும் பழைய காலெண்டர்த் தாளின் பின்புறத்தில் அவர் நாள்தோறும் உண்டதையெல்லாம் குறித்து வைத்திருந்தார். ஐந்தாம் வாரம் அத்தாள்களை வைத்தியர் மேசைமேல் வைத்தார். இரண்டு நாளில் அரைக் குவளைக் கஞ்சி; நிறை 6 கிலோ குறைவு. வைத்தியர் அன்றே மருந்தை மாற்றினார். உணவுக்கு மூக்குக் குழாய் வைத்தார். ஒரு நாளும் விடாமற் சிகிச்சை முடிந்தது. அவர் இன்றும் காலையில் ஆற்றங்கரையில் நடந்து செல்கின்றார். சொல்ல வேண்டுவது எவ்வாறு என்பதற்கு அந்த அம்மையாரே நமக்கு ஆசிரியர். நோவு எவ்வளவு என்பதைச் சுழியிலிருந்து பத்து வரை ஓர் எண்ணாற் கூறுங்கள். என்ன உண்டீர்கள், எத்தனை முறை உறக்கம் கலைந்தது என்று கூறுங்கள். வாரந்தோறும் நிறை பார்த்துக் கூறுங்கள். எண்ணைக் கேட்ட வைத்தியர் அதனை இலேசாகத் தள்ளார்.

மூன்றாவது, மருந்து. இதிற் படிகள் உள. 1986-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு இலேசான மருந்திலிருந்து வலிய மருந்து வரை படிப்படியாக ஏறும் முறையை வகுத்தது. தொடக்கத்தில் பாரசிட்டமால் போன்றன போதும். பென்சிடமின் என்னும் வாய்நீர் மருந்து வாய்ப்புண்ணைத் தடுக்கவும் தணிக்கவும் உதவுவதாகக் கண்டுள்ளனர். லிக்னோகெயின் என்னும் கூழ்மருந்து வாயை மரக்கச் செய்யும். உண்ணுமுன் வைத்தியர் கூறிய அளவு கொள்ளலாம். ஆயின் மரத்த வாய் சூட்டை அறியாது. கன்னத்தைக் கடித்தாலும் அறியாது. தொண்டை மரத்தால் உணவு மூச்சுக்குழலிற் புகவுங்கூடும். ஆதலால் ஆறிய உணவையே நிமிர்ந்து அமர்ந்து மெல்ல உண்க. கடையில் தாமே வலிமாத்திரை வாங்கி விழுங்குதல் ஆகாது. கதிரோடு சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தும் ஏற்றிக்கொள்வோர்க்குச் சிலவகை வலிமாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

இவற்றால் அடங்காத நோவுக்கு மார்பின் உண்டு. இப்பெயரைக் கேட்டதும், “அபினா? அடிமையாகிவிடுவாரே! இனி முடிவுதானோ?” என்று வீட்டார் நடுங்குகின்றனர். இரண்டு அச்சமும் அடிப்படையற்றன. வலிக்கு ஏற்ற அளவில் வைத்தியர் மேற்பார்வையிற் கொள்ளும் மார்பின் வலியைத் தணிப்பது. புண் ஆறியபின் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். அது சாகும் காலத்து மருந்தும் அன்று. குணமாகப் போகிறவரைச் சிகிச்சை முடியும்வரை தாங்கி நிற்கும் ஊன்றுகோல் எனலாம். முதற் சில நாள் மயக்கம் இருக்கும், பின் நீங்கும். மலச்சிக்கலோ நீங்காது, ஆதலால் மலமிளக்கியும் உடன் கொள்ளவேண்டும். வேளை தவறாமற் கொள்ளவேண்டும்; வலி முற்றியபின் தேடலாகாது. குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பூட்டி வைக்கவேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்தால் இம்மருந்து நோயாளர்க்கும் அரிதாயிற்று; 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாயிற்று. வலியாற்றும் தொண்டுக்கென்றே 2003-இல் திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் தோற்றுவித்த பாலியம் இந்தியா என்னும் ஸ்தாபனம் நமக்கு அண்மையிலேயே உள்ளது.

மருந்தென்ற அளவில் நம்மூர்ப் பொருள் ஒன்றையும் கூறவேண்டும். மார்த்தாண்டத்துத் தேன் நாடறிந்தது. 2003-ஆம் ஆண்டு மலேசியாவில் 40 நோயாளரைக் கொண்டு செய்த சோதனையில், கதிருக்கு முன்னும் பின்னும் 20 மில்லி தேனை வாயில் வைத்து மெல்ல விழுங்கியோர்க்குக் கடும்புண் குறைந்ததாகக் கண்டனர். பின்னர் நடந்த சோதனைகள் எல்லாம் ஒரேவகையாக முடியவில்லை. ஆயினும் தலை கழுத்துப் புற்றுக்குக் கதிர் வாங்குவோர் தேனைக் கொள்ளலாம் என்று உலக வல்லுநர் குழு கருத்துரைத்துள்ளது. நீரிழிவுடையோர்க்கு ஆகாது, பல்லைக் கெடுப்பதாதலின் சிறிது பொறுத்து வாயைக் கொப்பளிக்கவும் வேண்டும். கலப்படத் தேன் பயன்படாது. வைத்தியரைக் கேட்டே தொடங்குக. இதனையே நம்பிப் பிற மருந்தை விடற்க.

நான்காவது, உடனிருந்து உதவுபவர். அவருடைய தலையாய கடமை ஊட்டுவது. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி, புளிக்கறி, தீயல், ஊறுகாய், எலுமிச்சை, அன்னாசி, முறுக்கு, வறுத்த சீவல் இவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஆறிய உணவையே, கூழாக, சிறிது சிறிதாக, நாளைக்கு 6 முதல் 8 முறை கொடுங்கள். அரிசியும் சிறுபயறும் குழைய வேகவைத்து மசித்துத் தேங்காய்ப்பாலோ நெய்யோ சேர்த்த கஞ்சி, வேகவைத்து மசித்த ஏத்தன் பழம், கேழ்வரகுக் கூழ், பாலில் அடித்து வேகவைத்த முட்டை, முள்நீக்கி மசித்த மீன், புளிக்காத தயிர், இளநீர் என்பன ஏற்றவை. வெறுங் கஞ்சித்தண்ணீர் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தாங்காது. புண் ஆறுவதற்குப் பயறு, முட்டை, மீன், பால் ஆகியவற்றின் சத்தே வேண்டும். வலிமருந்தை உண்பதற்கு அரைமணி முதல் ஒருமணி முன் கொடுத்தால், மருந்து வேலை செய்யும் நேரத்தில் உணவு இறங்கும். நீரைக் கையருகே வைத்து அடிக்கடி ஒரு மிடறு பருகச் செய்யுங்கள்.

எவ்வளவு முயன்றும் நிறை குறைந்துகொண்டே போனால், மூக்கின் வழியாகவோ வயிற்றின் வழியாகவோ குழாய் வைத்து உணவு செலுத்துவர். அதனைக் கண்டு அழவேண்டா. புண் ஆறியதும் பெரும்பாலோர்க்கு அக்குழாயை எடுத்துவிடுவர். குழாய் இருக்கும்போதும், வைத்தியர் தடுத்தாலன்றி, சிறிது நீரையேனும் வாயால் விழுங்கிப் பழகவேண்டும். விழுங்கும் தசைகள் வேலையின்றி இருந்தால் தம் தொழிலை மறக்கும். வாயை அகலத் திறந்து மூடும் பயிற்சியையும் நாள்தோறும் செய்தல் வேண்டும். தாடை இறுகிவிட்டால் பின்னர்த் திறப்பது அரிது.

உடனிருப்போர் விழிப்போடு நோக்கத்தக்க அபாயக் குறிகள் சில உள. காய்ச்சல் 100.4 பாகைக்கு மேற்படுதல், தண்ணீரும் இறங்காமை, சிறுநீர் குறைந்து கருத்தல், எழுந்தால் தலைசுற்றல், வாயில் இரத்தம் பெருகுதல், மூச்சில் ஓசை உண்டாதல் அல்லது மூச்சுத் திணறல், உண்ணும்போது இருமிப் புரையேறல். இவற்றுள் ஒன்று காணினும் மறுநாள் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்க. மூச்சுத் திணறலும் இரத்தப் பெருக்கும் ஒரு நாழிகையும் தாழ்க்கத்தக்கன அல்ல. வாயில் தயிர் படிந்தாற்போல் வெண்படலம் தோன்றி எரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. கொடுத்தால் சில நாளிலேயே நோவு தணியும்.

இன்னும் ஒன்று. கதிர் முடியும் நாளில் நோவும் முடியும் என்று எண்ணி ஏமாறலாகாது. கடைசி நாளுக்குப் பின்னும் ஓரிரு வாரம் புண் மிகுதலே இயல்பு. பின்னர் மெல்ல ஆறத் தொடங்கி, பெரும்பாலோர்க்கு 4 முதல் 8 வாரத்தில் தோல் மூடிவிடும். சுவை திரும்பச் சில மாதமாகும். உமிழ்நீர் திரும்ப ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். சிலர்க்கு முழுதும் திரும்பாது. இதனை முன்னரே சொல்லி வைத்தால் நோயாளி மனமுடையார்.

இறுதியாக, நான்காம் கூறாகிய துணைவர் ஒரு வீட்டார் மட்டும் அல்லர். இச்சங்கமும் அவ்விடத்தில் நிற்கவேண்டும் என்று விண்ணப்பித்துக்கொள்கின்றோம். ஏழு வாரம், வாரத்தில் ஐந்து நாள், நெய்யூருக்கோ திருவனந்தபுரத்திற்கோ போய் வருவது கூலிக்குச் செல்லும் குடும்பத்திற்கு எளிதோ? புற்றுநோயாளர்க்கும் உடன் செல்வார்க்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரிச் சான்று பெற்றுத் தருவதற்கு ஒருவர் உதவினால் போதும். முறைவைத்து இளைஞர் ஒருவர் உடன் செல்லலாம். நோயாளி வீட்டிற்குச் செல்வோர், “அவருக்கு இப்படித்தான் வந்தது, போய்விட்டார்” என்று கதை பேசாமல், மசித்த உணவு ஒரு பாத்திரம் கொண்டு சென்று, அவர் பேச வேண்டாதபடி சிறிது நேரம் அமர்ந்து வருவாராக.

மற்றொன்றும் நம் கையில் உள்ளது. கலியாண வாயிலில் வெற்றிலை பாக்குத் தட்டோடு புகையிலையும் வைப்பதை இவ்வாண்டு முதல் நிறுத்திவிடுவோம். மங்கலத்திற்கு இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் தட்டில் இருக்கட்டும், வாய்க்குள் போகவேண்டா. வாயில் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் நாணாமற் காட்டுவோம். திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கி நடந்த ஆராய்ச்சியில், புகையிலையோ மதுவோ பழகியோர் வாயைக் கண்ணாற் பார்த்துச் சோதித்து வந்ததனாலேயே, அவருள் வாய்ப்புற்றால் இறப்போர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர் என்று 2005-இல் வெளியிட்டனர். இதற்கு ஒரு விளக்கும், திறந்த வாயும், பார்க்கத் தெரிந்த கண்ணுமே போதும். நம் சங்கக் கட்டிடத்தில் ஆண்டுக்கொருமுறை அத்தகைய சோதனை நடத்துவதற்கு நிர்வாகக் கமிட்டியார் ஆவன செய்வாராக.

 இங்குக் கேட்டதை இங்கேயே விட்டுச் செல்லாமல், வீட்டில் நோவோடு வாய் மூடிக் கிடப்பவர் இருப்பின், இன்றிரவே அவர் அருகில் அமர்ந்து, “எவ்வளவு வலிக்கிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணைத் தாளிற் குறித்துக்கொண்டு நாளை வைத்தியரிடம் கொடுங்கள்.